ஏன் மறுபடியும் அதே மான் கதை?
படித்து முடித்த கையோடு மூன்று வயது வாண்டு புத்தகத்தை மடியில் திணித்து, "இன்னொரு வாட்டி" என்கிறது. சலிப்பு நமக்குத்தான். முதல் தடவை அதன் கவனமெல்லாம் 'அப்புறம் என்ன?' என்பதிலேயே போய்விடும்; பிறகுதான் புதுச் சொற்கள் பிடிபடும். 2011இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்விலும், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதினரே புதுச் சொற்களை நன்றாகக் கற்றார்கள்.

கதையில் சட்டை போட்ட கரடி வரலாமா? வரட்டும், ஆனால் அளவோடு. மனிதரைப் போலப் பேசும் விலங்குக் கதை கேட்ட குழந்தைகள், நிஜ விலங்குக்கும் மனிதக் குணங்களை ஏற்றிச் சொன்னதை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது.

சேலம் சூரமங்கலத்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பத்துக்கு மருந்து பக்கத்திலேயே இருக்கிறது: ஏற்காடு அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. அங்கே புள்ளிமானைக் காட்டி, "காது ஏன் அந்தப் பக்கம் திரும்புது?" என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.