தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் பதவி

தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் பதவி என்பது, பேராயர் உள்ள சபைகளும் பேராயர் இல்லாத சபைகளும் ஒரே ஆளுகையின் கீழ் இணைந்தபோது விதிமுறைகளால் வரையறுக்கப்பட்ட தலைமைப் பொறுப்பு ஆகும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் செப்டம்பர் 27, 1947 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இத்திருச்சபையாக ஒன்றிணைந்தன. இவற்றுள் தென்னிந்திய ஐக்கிய சபை, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினர் 1908ல் சேர்ந்து உருவாக்கியது.

பின்னணி

1919 மே மாதத்தில் தரங்கம்பாடியில் கூடிய, பெரும்பாலும் இந்தியர்களான சபை ஊழியர்கள் ஒன்றிப்புக்கான அறிக்கையை வெளியிட்டனர். முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. ச. அசரியா இதில் முன்னின்றவர். (அவர் ஒன்றிப்பைக் காணாமலேயே 1945 சனவரியில் காலமானார்.) நம்பிக்கை அறிக்கைகளிலும் திருவருட்சாதனங்களிலும் உடன்பாடு காண்பது ஒப்பீட்டளவில் எளிதாயிருந்தது. பேச்சுவார்த்தை ஏறத்தாழ 28 ஆண்டுகள் நீண்டதற்கு முதன்மைக் காரணம், குருத்துவ அருட்பொழிவு வழங்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற கேள்வியே.

அப்போஸ்தலர் காலந்தொட்டுத் தொடர்ந்து வரும் பேராயரின் கைவைப்பு இன்றி அருட்பொழிவு முறையானதாகாது என்பது ஆங்கிலிக்கன் தரப்பில் பலரின் நிலைப்பாடு. இதனை ஏற்றால், தாம் அதுவரை ஆற்றிய ஊழியம் குறையுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என மற்றவர்கள் கருதினர். தமது மூப்பர்களும் சபைக் கூட்டங்களும் தனியொருவரின் அதிகாரத்தின் கீழ் வந்துவிடும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது.

உடன்பாடு

காணப்பட்ட தீர்வு எளிமையானது, ஆனால் துணிவானது. ஒன்றிப்பு நாளில் இருந்த எல்லாக் குருக்களும் மறு அருட்பொழிவு இன்றி ஆயர்களாக ஏற்கப்பட்டனர். அந்நாள் முதல் புதிய அருட்பொழிவு யாவும் பேராயர் வழியே நடைபெறும். பேராயர் பதவியை ஏற்பவர் அதற்கு எந்த ஒரு குறிப்பிட்ட இறையியல் விளக்கத்தையும் ஏற்க வேண்டியதில்லை. மனச்சான்றுக்கு ஒவ்வாத ஊழியரை எந்தச் சபை மீதும் திணிப்பதில்லை என்ற உறுதிமொழியும் அளிக்கப்பட்டது. இரு வகைக் குருக்களும் அருகருகே பணியாற்றும் முரண்பாடு ஒரு தலைமுறைக்கு நீடிக்கும் என்பதை அறிந்தே இது செய்யப்பட்டது. தொடக்க நாளிலேயே ஒன்பது புதிய பேராயர்கள் திருநிலைப்படுத்தப்பட்டனர். ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாக வந்த லெஸ்லி நியூபிகின் மதுரை-இராமநாதபுரத்திற்கும், சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாணத்திற்கும் பொறுப்பேற்றனர்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. கவிஞர் டி. எஸ். எலியட் 1943ல் இத்திட்டத்தைக் கண்டித்துச் சிறுநூல் எழுதினார். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையார் பலர் ஒன்றிப்பில் சேராது தனித்து நின்றனர். புதிய அருட்பொழிவுகள் குறித்து 1948ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1955ல்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் மன்றங்கள் இவற்றை ஏற்றன.

ஆளுகை அமைப்பு

அடித்தள அலகு சேகரம். சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம். சென்னை வட்டாரத்தில் இதனைப் பேராயம் என்பர். அனைத்திற்கும் மேல் உள்ளது சினாடு. எல்லா நிலைகளிலும் குருமாருடன் பொதுநிலையினரும் வாக்குரிமை பெற்றுள்ளனர். பேராயரைத் தெரிவு செய்வதிலும் அவர்களுக்குப் பங்குண்டு: திருமண்டலப் பெருமன்றம் ஒரு பெயர்ப்பட்டியலைத் தெரிவு செய்ய, சினாடு சார்பில் அமையும் குழு அதிலிருந்து ஒருவரைத் தேர்கிறது. எனவே பேராயர் தம் மன்றத்திற்குத் தலைமை தாங்குகிறார். ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவரும் ஆவார். சினாடின் தலைவரான பிரதமப் பேராயர், மற்றப் பேராயர்களிடையே ஒருவராய், தம் திருமண்டலப் பொறுப்பையும் உடன் வகிப்பவர்.

பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலங்கள் ஆகியவை இவ்வமைப்பின் நிருவாகத்தில் உள்ளதால், திருமண்டலத் தேர்தல்கள் கடும் போட்டியுடன் நடைபெறுவதும் வழக்குகளில் முடிவதும் உண்டு. பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்த 2022ல் கொண்டுவரப்பட்ட திருத்தமும் நீதிமன்றத்திற்குச் சென்றது. விதிமுறை மாற்றத்திற்குத் திருமண்டலங்களின் ஒப்புதல் தேவை என்ற 1947 கால ஏற்பாடே அவ்வழக்கின் மையமாக இருந்தது.

பெண்கள்

பேராயர் பதவி பெண்களுக்கும் திறக்கப்பட்டது 2013ல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு எ. புஷ்பலலிதா இத்திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். அவர் பொறுப்பேற்ற திருமண்டலம், 1947ல் தனித்து நின்று பின்னாளில் இணைந்த அதே நந்தியால்.