ஆணி கீறிய சுவர்

எங்கள் வீட்டு நாய் மணந்து பார்க்கும் இடத்திலெல்லாம் நானும் நின்றாக வேண்டும். ஸ்கந்தபுரத்து ஒழுங்கைகளில் மாலைதோறும் அதனோடு நடக்கப்போய்த்தான் மதில்களை வாசிக்கப் பழகினேன். தேர்தல் சுவரொட்டிக் கிழிசல், ரியூசன் விளம்பரம், யாரோ யாரையோ காதலிக்கும் செய்தி. எழுத்துப்பிழை தாராளம்!

ஒருநாள் பழைய களஞ்சியம் ஒன்றின் தாழ்வாரத்தில் நாய் படுத்துவிட்டது. குனிந்தபோது, முழங்கால் உயரத்தில், ஆணியால் கீறிய ஒரு கிணறும் துலாவும். பக்கத்தில் அளவெட்டி என்ற ஊர்ப்பெயர், கீழே 1996. அந்த உயரத்தில் எழுதியது பிள்ளையாகத்தான் இருக்கும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டவர்களும், 1996 யூலைக்குப் பின் கிளிநொச்சியை விட்டவர்களும் வந்து ஒதுங்கிய பக்கமல்லவா இது?

சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிலும் வழிப்போக்கர் கீறியவைதான் இருந்தன. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையான அக்கீறல்களில் 685 பாடல்களைப் படித்தெடுத்து, 1956இல் பரணவிதான நூலாக்கினார். பிக்குகள், போர்வீரர், பெண்கள் எழுதியவை இன்று சிங்கள இலக்கியத்தின் முதுசொம். அன்று யாராவது சாந்து பூசியிருந்தால்?

2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் ஓவியம் தீட்டினார்கள். நல்ல வேலைதான். ஆனால் பழைய சுவரைத் தொடுமுன் ஒருதரம் குனிந்து பார்க்கலாம். இந்தக் களஞ்சியத்துக்கும் வெள்ளையடிக்கப் போகிறார்களாம். இரண்டு பூச்சுப் போதும், கிணறு தூர்ந்துவிடும்.

மறுநாள் கொப்பியும் பென்சிலும் கொண்டு போனேன். துலாவுக்கு அப்பால் இன்னொரு பெயர், பாதி உதிர்ந்திருந்தது. முதலெழுத்து ‘சு’. மீதியை நான் இட்டு நிரப்பவில்லை.