சாலையில் பயந்தவர் நடைபாதையில் பயமுறுத்தலாமா?

காலை எட்டு மணிக்குத் தெம்பனிஸ் வட்டாரத்தில் ஏதாவது ஒரு புளோக்கின் கீழே நின்று பாருங்கள். ஈரச்சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, தள்ளுவண்டியை இழுத்தபடி ஒரு பாட்டி வருவார். பேரனைப் பாலர் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாத்தா எதிரே வருவார். திடீரென்று பாட்டியின் முதுகுக்குப் பின்னால் மணிச் சத்தம் கேட்கும். இடப்பக்கம் ஒதுங்குவதா, வலப்பக்கம் ஒதுங்குவதா என்று அவருக்குப் புரியாது. ஒரு கணம் தடுமாறி நிற்பார். சைக்கிள் உரசாத குறையாக அவரைக் கடந்து போய்விடும்.

அந்தச் சைக்கிளோட்டியைக் கேட்டால் அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். “சாலையில் லாரியும் பஸ்ஸும் பறக்கின்றன. அங்கே ஓட்ட பயமாக இருக்கிறது” என்பார். லாரி ஓட்டுநரைக் கேட்டால், “இடப்பக்கம் சைக்கிள் நுழைந்தால் எனக்குத் தெரியவே தெரியாது. ஏதாவது நடந்தால் பழி என் மேல்தான்” என்பார். மூன்று பேரும் சொல்வது உண்மைதான். ஆனால் மூவரில் அதிகம் அடிபடக்கூடியவர் யார்? கையில் தள்ளுவண்டியோடு நிற்கும் பாட்டி.

சாலைப் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘மரியாதை இல்லை, பொறுமை இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி வேறு. லாரியைப் பார்த்துச் சைக்கிளோட்டி பயப்படுகிறார். பயந்து நடைபாதையில் ஏறுகிறார். அங்கே அவரைப் பார்த்துப் பாட்டி பயப்படுகிறார். பெரியவரிடமிருந்து சிறியவருக்கு, சிறியவரிடமிருந்து அவரினும் சிறியவருக்கு என்று பயம் கைமாறிக்கொண்டே வருகிறது. கடைசியில் இருப்பவருக்கு அதை இறக்கி வைக்க இடமே இல்லை.

நடைபாதைக்குச் சைக்கிள் வந்த கதை

சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது நெடுங்காலம் குற்றமாகவே இருந்தது. ஆனால் வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையத்திற்கும் சந்தைக்கும் சைக்கிளில் செல்வோர் பலர், குறிப்பாக வயதானவர்களும் இல்லத்தரசிகளும், சாலைக்கு அஞ்சி நடைபாதையில்தான் ஓட்டி வந்தனர். இதைச் சட்டத்திற்குள் கொண்டுவர முடியுமா என்று பார்க்க 2007ஆம் ஆண்டு தெம்பனிஸில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. 2010ஆம் ஆண்டு, நடைபாதையில் சைக்கிளோட்டச் சட்டப்படி அனுமதித்த நாட்டின் முதல் நகரானது தெம்பனிஸ்.

அப்போது பேச்சு முழுவதும் சாதாரணச் சைக்கிளைப் பற்றித்தான். மின்ஸ்கூட்டர் அடுத்து வந்தது. கால் மிதிக்க வேண்டாம், வியர்க்காது, மடித்து ரயிலில் எடுத்துச் செல்லலாம் என்பதால் இளையர்களிடையே வேகமாகப் பரவியது. சைக்கிள், மின்ஸ்கூட்டர் ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2017 ஜனவரியில் ஒரு தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 மே 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர் என்று வேக வரம்பு விதிக்கப்பட்டது. மின்ஸ்கூட்டரின் எடை 20 கிலோவையும் அகலம் 70 செண்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என்றும் விதி இருந்தது.

ஓராண்டு ஆவதற்குள் நடைபாதை வேக வரம்பை மேலும் குறைக்க வேண்டியதாயிற்று. 2019 பிப்ரவரி 1 முதல் அது மணிக்கு 10 கிலோமீட்டர் ஆனது. சாலையைக் கடப்பதற்கு முன்பு நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் செல்ல வேண்டும் என்பதும் அன்றுமுதல் கட்டாயமானது.

2019 நவம்பர்: ஒரே நாளில் மாறிய விதி

2019 செப்டம்பரில் பிடோக்கில் நடந்த ஒரு விபத்து பலரை உலுக்கியது. சைக்கிளில் சென்ற 65 வயது மாது ஒருவர், மின்ஸ்கூட்டருடன் மோதியதில் படுகாயமடைந்து சில நாள்களில் மாண்டார். மக்களின் கோபம் பெருகியது.

நவம்பர் 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அறிவிப்பு வந்தது. மறுநாள் முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை. ஆண்டிறுதிவரை பெரும்பாலும் எச்சரிக்கையோடு விடப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் தடையை மீறுவோருக்கு 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்ற நிலை வந்தது.

பாதசாரிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் இருந்தது. அப்போது தீவு முழுவதும் நடைபாதை சுமார் 5,500 கிலோமீட்டர். சைக்கிள் பாதையோ வெறும் 440 கிலோமீட்டர். மின்ஸ்கூட்டருக்குச் சாலையிலும் அனுமதி இல்லை. அப்படியென்றால் புளோக்கின் கீழிருந்து சைக்கிள் பாதை வரை எப்படிப் போவது? தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதனால் உடனடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் உணவு விநியோக ஊழியர்கள். ஒரு நாளில் எத்தனை வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்களோ, அத்தனைக்குத்தான் அவர்களுக்கு வருமானம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதிலிருந்துதான். மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் கூட்டமாகச் சென்று தங்கள் நிலையை அவர்கள் எடுத்துரைத்தனர். அந்த மாதமே, மின்ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளோ மின்சைக்கிளோ வாங்கிக்கொள்ள ஆளுக்கு 1,000 வெள்ளி வரை உதவும் 7 மில்லியன் வெள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் மோட்டார் பொருத்திய மற்ற தனிநபர் சாதனங்களுக்கும் நடைபாதைத் தடை விரிவடைந்தது.

பாட்டியின் பயமும் உண்மை, விநியோக ஊழியரின் வயிற்றுப்பாடும் உண்மை. இடம் போதாத ஊரில் ஒருவருக்குப் பாதுகாப்பு கொடுத்தால் இன்னொருவருக்குப் பாதை குறைகிறது. அதனால்தான் இந்தச் சர்ச்சை எளிதில் ஓய்வதில்லை.

சண்டைக்குப் பின்னால் ஒரு கணக்கு

பழைய குடியிருப்புப் பேட்டைகளில் பல நடைபாதைகளின் அகலம் ஏறத்தாழ 1.5 மீட்டர்தான். தள்ளுவண்டியோடு நடப்பவருக்கு அதில் பாதி வேண்டும். சைக்கிளின் கைப்பிடிக்கு 60, 70 செண்டிமீட்டர் போய்விடும். மிஞ்சுவது ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளி. நடப்பவர் யாரையோ திரும்பிப் பார்த்து ஓர் அடி நகர்ந்தாலும் மோதல்தான். இங்கே இருவரில் யாரும் கெட்டவர்கள் அல்ல. இடம் அவ்வளவுதான்.

அடுத்தது வேகம். நாம் சாதாரணமாக நடக்கும் வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 3 மீட்டர் கடக்கிறார். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு விநாடியில் 7 மீட்டர். எதிரே குழந்தை ஓடிவருவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு விநாடி ஆகிவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே அந்த 7 மீட்டரும் போய்விடும். ஒரு தூணுக்குப் பின்னாலிருந்தோ மின்தூக்கிக் கூடத்திலிருந்தோ ஒருவர் வெளியே வரும்போது 7 மீட்டர் இடைவெளி கிடைக்குமா?

மோதலின் விசையும் வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்று உயர்வதில்லை. வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். 10 கிலோமீட்டர் வேகத்தோடு ஒப்பிட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே சைக்கிளின் ஆற்றல் ஆறு மடங்குக்கும் மேல். வயதானவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எழுந்து பழையபடி சந்தைக்கு நடந்துபோகச் சில மாதங்கள் ஆகலாம். சிலரால் முடியாமலே போகலாம்.

சாலையில் தெரியாத மூலைகள்

இப்போது சைக்கிளோட்டியின் பயத்தையும் புரிந்துகொள்வோம். லாரி, பஸ் போன்ற நீண்ட வாகனங்கள் இடப்பக்கம் திரும்பும்போது, பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது. அதைவிட உட்புறமாக, சாலை ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். சமிக்ஞை விளக்கில் நிற்கும் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் சைக்கிளை நுழைப்பவர் அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான் போய் நிற்கிறார். ஓட்டுநரோ உயரத்தில் உட்கார்ந்திருப்பவர். அவருடைய கண்ணுக்கு எட்டாத மூலை அது.

சைக்கிளோட்டிகள் மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியாது. முந்திப் போகாமல் பின்னால் நில்லுங்கள்.

ஓட்டுநர்களின் பங்கும் பெரிது. சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்புகள் கூறுகின்றன. டாக்சியின் பின்னிருக்கையில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர், கதவை இடக்கையால் திறக்காமல் வலக்கையை நீட்டித் திறந்து பார்க்கட்டும். உடல் தானாகவே திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

சாலையில் கூட்டமாகச் செல்லும் சைக்கிளோட்டிகளைப் பற்றியும் குறை உண்டு. 2022 ஜனவரி 1 முதல் ஒரே வரிசையில் சென்றால் 5 பேர், இருவர் இருவராகச் சென்றால் 10 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் ஓட்டுவோர் விதிமுறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்பதும் அதே நாளில் தொடங்கியதுதான்.

பிரித்துக் கொடுத்தால் பிணக்கு குறையும்

இருப்பதை வைத்துப் பொறுமையாகப் பகிர்ந்துகொள்வது ஒரு வழி. பாதையையே பிரித்துக் கொடுப்பது இன்னொரு வழி. 2016ஆம் ஆண்டு அங் மோ கியோவில் திறக்கப்பட்ட 2.6 கிலோமீட்டர் நடை, சைக்கிள் பாதை இதற்கு ஒரு முன்மாதிரி. சைக்கிளுக்குச் சிவப்பு நிறப் பாதை, நடப்பவருக்குத் தனிப் பாதை. பஸ் நிறுத்தத்துக்கு அருகே பாதசாரிகளுக்கு முன்னுரிமை தரும் பகுதி. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் சைக்கிளுக்கு முன்னால் கால் வைக்கும் ஆபத்து அங்கே குறைகிறது.

2030ஆம் ஆண்டுக்குள் தீவு முழுவதும் சைக்கிள் பாதைகளைச் சுமார் 1,300 கிலோமீட்டராக விரிவுபடுத்துவது அரசாங்கத்தின் இலக்கு. சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே பாதசாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பாதையில் சைக்கிளும் மின்ஸ்கூட்டரும் செல்ல 2025 ஜூலை 1 முதல் தடை உள்ளது. வயதானவர்கள் அதிகம் நடமாடும் இடங்களில் வாகன வேகத்தைக் குறைக்கும் ‘சில்வர் ஸோன்’ பகுதிகள் 2014 முதல் அமைந்து வருகின்றன. அட்டையைக் காட்டினால் சாலையைக் கடக்க மூத்தோருக்குக் கூடுதல் விநாடிகள் தரும் பச்சை மனிதர் விளக்குகளும் 2009ஆம் ஆண்டு முதல் உள்ளன.

ஆனாலும் ஒவ்வொரு புளோக்கின் வாசலிலும் மூன்று பாதை போட இந்தத் தீவில் இடமில்லை. கடைசி 200 மீட்டரை எப்போதும் நாம் பகிர்ந்துகொண்டுதான் ஆக வேண்டும். அந்தக் கடைசி 200 மீட்டருக்கு ஒரே ஒரு விதி போதும். யாரால் அதிகச் சேதம் விளையுமோ அவர் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். லாரி சைக்கிளுக்கு வழிவிடட்டும், சைக்கிள் பாட்டிக்கு வழிவிடட்டும்.

மணியை முதுகுக்குப் பின்னால் வந்து அடிக்காமல் பத்து மீட்டருக்கு முன்பே மெல்ல அடிக்கலாம். இடமில்லாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். நடப்பவர்களும் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி சிவப்புப் பாதையில் நடக்காமல் இருக்கலாம். நான்கு பேர் கைகோத்து நடைபாதையை அடைத்துச் செல்வதையும் தவிர்க்கலாம். சாப்பாடு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது என்று விநியோக ஊழியர்மீது எரிந்து விழுபவர்கள், அவரை வேகமாக ஓட்டச் சொல்வது தாங்கள்தான் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

வார நாளில் கார் ஓட்டுபவர் ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டுகிறார். அவரே மாலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு நடந்து போகிறார். அன்று பின்னால் மணிச் சத்தம் கேட்டால், அம்மாவைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதும் சைக்கிளில் ஏறும்போதும் அந்த ஒரு கணத்தை அவர் மறக்காமல் இருந்தால், எதிரே வரும் அடுத்தவர் வீட்டுப் பாட்டியும் தடுமாறாமல் வீடு போய்ச் சேருவார்.