கையொப்பம் இல்லாத சித்திரங்கள்

மணலியில் ஆலை வேலை முடிந்து வீடு திரும்புகிறவர், கைகால் கழுவிவிட்டு டெலிவிஷன் பெட்டியின் முன் அமர்கிறார். சன் டி.வி.யின் சூரியச் சின்னம் அவர் கண்ணில் படாத நாள் அநேகமாக இராது. அதையும் ஒருவர் மேஜைமுன் குனிந்து வரைந்திருப்பார் என்ற நினைவு அவருக்கு எழுவதில்லை. பத்திரிகைப் படத்தின் மூலையில் சித்திரக்காரர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். சின்னம் வரைபவருக்கும் தலைப்பெழுத்து எழுதுபவருக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது.

அந்தச் சின்னத்தை அமைத்தவர் ஸ்ரீ கோபுலு.

1924-இல் தஞ்சாவூரில் பிறந்த கோபாலன், கும்பகோணம் சித்திரக் கலைப் பள்ளியில் பயின்றவர். 1941-இல் ஆனந்த விகடன் சித்திரக்காரர் மாலியைத் தேடி வந்தார். திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகள் பூஜித்த ராம பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து எழுதி வரும்படி மாலி அனுப்பினார். அது அவ்வருஷத்துத் தீபாவளி மலரில் வெளியாயிற்று. கோபாலனைக் 'கோபுலு' ஆக்கியவரும் மாலியே.

பிற்பாடு, தில்லானா மோகனாம்பாளுக்கு முகம் கொடுத்ததும், தேவனின் துப்பறியும் சாம்புவைக் கட்டம் கட்டமாகச் சித்திரத் தொடரில் நடமாட விட்டதும் நேயர்கள் அறிந்த விஷயங்கள். ஆனால் அவருடைய மேதையை நாம் அவருடைய வார்த்தையில்லா ஹாஸ்யங்களில்தான் காண்கிறோம். அடியில் ஒரு வரி கூடக் கிடையாது, பார்த்தவர் சிரித்துவிடுவார். இரண்டு கோடுகளில் காரியத்தை முடிக்கும் இந்தப் பழக்கமே பின்னால் அவருக்குச் சோறு போட்டது. 1963-இல் விகடனை விட்டு விளம்பரத் தொழிலில் புகுந்தார். 1972-இல் 'ஆட்வேவ்' என்ற விளம்பர ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். 'குங்குமம்' பத்திரிகையின் சின்னமும் அவர் அமைத்ததே.

அதே 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யுடன் பிறந்தது. அங்கேயும் பெயர் தெரியாத ஒரு கலை உண்டு. சீமைக் கதைகளில் பேச்சுக் குமிழிகள் ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வரைந்தவை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் மறுத்துவிடலாம். நாமோ 'முடியாது' என்று நான்கு எழுத்து எழுதியாக வேண்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் வேறு இடம் கேட்கும். வரிகள் ஒன்றோடொன்று முட்டாமல், மாயாவியின் மூக்கையும் மறைக்காமல் எழுதுவது லேசான வேலையா? போதாக்குறைக்கு 1978-இல் எழுத்துச் சீர்திருத்த உத்தரவு வந்தது. லை, னை போன்ற எழுத்துக்கள் தும்பிக்கையை இழந்தன. பல வருஷம் பழகிய கை புதிய உருவத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

கோபுலுவின் கைக்கு அதைவிடப் பெரிய சோதனை காத்திருந்தது. முதுமையில் பக்கவாதம் கண்டு வலக்கை செயலற்றுப் போயிற்று. அறுபது வருஷத் தொழில் அத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பார்கள். அவரோ பேனாவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, பள்ளிப் பிள்ளையைப் போல் கோடு இழுத்துப் பழகினார். அந்தக் கையாலேயே படங்கள் வரைந்தார். 2015 ஏப்ரல் 29-ஆம் தேதி சென்னையில் காலமானார்.