வீட்டில் ரெண்டு பாஷை. பிள்ளை இன்னும் பேசலியா? பாட்டி மீது பழி போடாதீர்கள்!

காத்திருப்பதுதான் ஆபத்து, ரெண்டு வயசுக்குள் காட்டினால் பலன் அதிகம்

சென்னை:

“பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆகுது. இன்னும் வாயே திறக்கலியே!”

சென்னையில் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. புலம்புகிறவர்கள் காரணத்தையும் கையோடு சொல்லி விடுகிறார்கள். “வீட்டிலே ஒரு பாஷை, வெளியிலே ஒரு பாஷை. பிள்ளை குழம்பிப் போச்சு” என்கிறார்கள்.

கடைசியில் பழி பாட்டி தலையில் விழுகிறது. “அத்தை, இனிமே குழந்தைகிட்ட தெலுங்கு பேசாதீங்க. தமிழ் மட்டும் பேசுங்க” என்று மருமகள் சொல்கிறாள். தமிழ் சரளமாக வராத பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். அதன் பிறகும் பிள்ளை பேசுவதில்லை.

இது வீண் பழி என்பது நிபுணர்களின் முடிவு. ரெண்டு பாஷை கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சு தடைப்படாது. பேச்சு வராததற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடாமல் பாஷையைக் குற்றம் சொன்னால், பொன்னான மாதங்கள் வீணாகின்றன.

ஊரெல்லாம் ரெண்டு பாஷை

சௌகார்பேட்டையில் கடைக்குள் தமிழ், வீட்டுக்குள் மார்வாரி. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் பல வீடுகளில் உருது. தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்கள் நகரம் முழுவதும் இருக்கின்றன.

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் சுமார் 88 பேருக்குத் தாய்மொழி தமிழ். ஏறக்குறைய 6 பேருக்குத் தெலுங்கு. மற்றவர்களுக்குக் கன்னடம், உருது, மலையாளம் முதலியவை.

ரெண்டு பாஷை பேச்சைக் கெடுக்கும் என்றால், இந்த வீட்டுப் பிள்ளைகள் யாருமே பேசியிருக்க முடியாது. ஆனால் அவர்கள்தான் கல்லாவில் உட்கார்ந்து மூணு பாஷையில் வியாபாரம் செய்கிறார்கள்!

பயம் வந்த கதை

இந்தப் பயம் பழசு. 1923-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் சேர் என்பவர் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார். ரெண்டு பாஷை பேசும் கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கி இருப்பதாக எழுதினார். அதுபோன்ற ஆய்வுகளால் பயம் பரவியது.

1962-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பீல், லாம்பர்ட் என்ற இருவர் மறுபடி சோதித்தார்கள். குடும்ப வசதியில் சமமாக இருந்த பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை ரெண்டு பாஷைப் பிள்ளைகளே முந்தினார்கள். பழைய ஆய்வுகள் வசதிக்குறைவையும் பாஷையையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டது தெரிய வந்தது.

கணக்கில்தான் தப்பு

பெற்றோர் செய்கிற இன்னொரு தப்பு, வார்த்தைகளை எண்ணுவதில் இருக்கிறது.

ரெண்டு வயசில் குழந்தைக்குச் சுமார் 50 வார்த்தை வர வேண்டும். ரெண்டு ரெண்டு வார்த்தையாகச் சேர்த்தும் சொல்ல வேண்டும். இது பொதுவான அளவு.

ஒரு தெலுங்கு வீட்டுக் குழந்தைக்குத் தமிழில் 30 வார்த்தை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். “முப்பதுதானா?” என்று அம்மா பயப்படுகிறாள். அதே குழந்தை பாட்டியிடம் தெலுங்கில் வேறு 25 வார்த்தை சொல்கிறது. ரெண்டையும் கூட்டினால் 55. குழந்தை சரியாகத்தான் இருக்கிறது!

1993-ல் அமெரிக்காவின் மயாமி நகரில் பியர்சன் என்ற பெண்மணியும் அவரது குழுவினரும் கைக்குழந்தைகளிடமும் நடை பழகும் குழந்தைகளிடமும் இப்படித்தான் கூட்டிப் பார்த்தார்கள். ரெண்டு பாஷையையும் சேர்த்து எண்ணியபோது, ஒரு பாஷைக் குழந்தைகளுக்கு அவர்கள் சளைக்கவில்லை.

“நீள்ளு வேணும்” என்று குழந்தை தெலுங்கையும் தமிழையும் கலந்து கேட்டால் அது குழப்பம் இல்லை. தண்ணீர் கேட்க, தெரிந்த ரெண்டு வார்த்தையைச் சேர்த்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் ரெண்டு பாஷையையும் கூட்டிய பிறகும் ஐந்தோ பத்தோ வார்த்தைதான் என்றால், “ரெண்டு பாஷை வீடு, லேட்டாகத்தான் பேசும்” என்று சும்மா இருக்கக் கூடாது. பாஷையைப் பழிப்பது எவ்வளவு தப்போ, அதையே சாக்காக வைத்துக் காத்திருப்பதும் அவ்வளவு தப்பு.

பாட்டி வாயை அடைக்கலாமா?

அப்பா, அம்மா வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பது பாட்டிதான். சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது அவர் பேசும் பேச்சுத்தான் பிள்ளைக்குப் பாடம். அவர் வாயை அடைத்தால் பிள்ளையின் காதில் விழுகிற பேச்சே பாதியாகக் குறையும். பழகாத தமிழில் தட்டுத் தடுமாறி நாலு வார்த்தை சொல்வதைவிட, தனக்கு வந்த பாஷையில் நாற்பது வார்த்தை சொல்வதே மேல்.

நிஜமாகவே மொழி வளர்ச்சியில் குறை உள்ள பிள்ளை என்றால் ஒரு பாஷையைக் குறைக்கலாமா? 2003-ல் மாண்ட்ரியலில் பாரடிஸ் என்ற பெண்மணி தலைமையில் இதையும் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஏழு வயதுப் பிள்ளைகளில் ஆங்கிலம், பிரெஞ்சு ரெண்டும் பேசியவர்களையும் ஒன்று மட்டும் பேசியவர்களையும் ஒப்பிட்டார்கள். ரெண்டு பாஷைப் பிள்ளைகளின் நிலை மோசமாக இல்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

எந்த பாஷை வீடானாலும் அறிகுறிகள் ஒன்றுதான்.

ஒரு வயசாகியும் “பபப, மமம” என்று மழலை ஒலி வரவில்லை. விரலை நீட்டிக் காட்டவில்லை. டாட்டா காட்டவில்லை.

16 மாதமாகியும் ஒரு வார்த்தைகூட இல்லை.

ரெண்டு வயசாகியும், தானாக ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை.

வந்த வார்த்தைகள் மறைந்து போகின்றன. எந்த வயதில் இப்படி நடந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

“இவன் அப்பாவும் மூணு வயசிலேதான் பேசினான். ஆம்பிளைப் பிள்ளை அப்படித்தான்” என்று சொல்வது வழக்கம். லேட்டாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே சரியாகி விடுவது உண்மை. ஆனால் யார் சரியாவார், யார் ஆகமாட்டார் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அதனால்தான் காட்டச் சொல்கிறார்கள்.

முதலில் காது

பேசாத பிள்ளைக்கு முதல் சோதனை வாயில் இல்லை, காதில். பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குக் காது கேட்பதில் குறை இருக்கிறது.

“தட்டைத் தட்டினால் திரும்புதே!” என்பார்கள். அது போதாது. தட்டுச் சத்தம் கேட்கும் பிள்ளைக்குப் பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்து, காதுக்குள் நீர் கோத்துக்கொண்டாலும் கேட்பது மந்தமாகும்.

காதில் சின்ன அடைப்பான் வைத்துப் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடியும். ‘பெரா’ என்ற சோதனையைப் பிள்ளை தூங்கும்போதே எடுக்கிறார்கள். ரெண்டிலும் வலி இல்லை.

பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூணு மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. இதுதான் டாக்டர்கள் சொல்லும் கணக்கு.

நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. ஒரு வயசுக்குள் தேன் கொடுப்பதோ ஆபத்து. கோயில் வேண்டுதல் அதுபாட்டுக்கு இருக்கட்டும். காது சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஊசி இல்லை, மாத்திரை இல்லை

பேச்சுப் பயிற்சி என்றதும் பலர் பயப்படுகிறார்கள். சின்னக் குழந்தைக்கு அது விளையாட்டுத்தான். பந்து, பொம்மை, சொப்பு, படப் புத்தகம் இவைதான் கருவி. நிபுணர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட, பெற்றோருக்குச் சொல்லிக் கொடுப்பதே அதிகம்.

பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேச வேண்டும். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேச வேண்டும்.

கை நீட்டியதும் எடுத்துக் கொடுத்து விடக் கூடாது. பாலையும் பழத்தையும் காட்டி, “பாலா? பழமா?” என்று கேட்டு, கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

பிள்ளை “பஸ்” என்றால், “ஆமா, பெரிய பஸ் வருது” என்று நீட்டிச் சொல்ல வேண்டும். “சொல்லு, சொல்லு” என்று நச்சரிக்கக் கூடாது.

நிபுணருக்குத் தமிழ் மட்டும் தெரிந்தாலும் பாதகமில்லை. அதே விளையாட்டை வீட்டில் பாட்டி தெலுங்கிலோ உருதிலோ நடத்தலாம். பாட்டியையும் கூட்டிப் போவது நல்லது.

செல்போனைக் கையில் கொடுத்து சோறு ஊட்டுவதை நிறுத்த வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், ரெண்டு வயசில் நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது. செல்போன் பேசும், ஆனால் பிள்ளை பதில் சொல்லக் காத்திருக்காது.

எங்கே போவது?

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன. அங்கே போய்க் காட்டினால் வழி சொல்வார்கள்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில், காது கேளாமையும் பேச்சுத் தாமதமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தத் திட்டப்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்க்க வேண்டும். குழு வரும் நாளை அங்கன்வாடியில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆறு வயது வரை உள்ள குழந்தைகளுக்கான ஆரம்ப சிகிச்சை மையம் 2021-ல் அங்கே திறக்கப்பட்டது.

தனியாரிடம் போகிறவர்கள், பயிற்சி கொடுப்பவர் பேச்சு, கேட்பியல் துறையில் பட்டம் பெற்றவர்தானா என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

போகும் முன் ஒரு வேலை. ஒரு தாளில், பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகளை எழுதுங்கள். தமிழ் வார்த்தை ஒரு பக்கம், வீட்டு பாஷை வார்த்தை மறு பக்கம். மறு பக்கத்தை நிரப்பப் பாட்டியைக் கேளுங்கள். அவருக்குத்தான் அது தெரியும்.