புயல் செய்தியின் மூலமும் நேரமும்

ராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டின் அலையாத்திக் காடுகளை ஒட்டி நாட்டுப்படகில் தொழில் பார்ப்பவருக்குப் புயல் செய்தி இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. அதை நம்பலாமா என்று முடிவெடுக்க முதலில் தேட வேண்டியவை, வெளியிட்டவரின் பெயரும் வெளியான நேரமும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிக்கையில் வரிசை எண் இருக்கும். எத்தனை மணி நிலவரம், புயலின் மையம் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ளது, பாம்பனிலிருந்து எத்தனை கிலோமீட்டர், காற்றின் வேகம் என்ன என்பதெல்லாம் அதில் வரும். புயலாக வலுப்பெற்றபின் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை புது அறிக்கை வெளியாகும். கை மாறிப் பகிரப்படும்போது முதலில் உதிர்ந்து போவது அந்த மணிக்கணக்குதான்.

2020இல் வந்த புரெவி இதற்கு நல்ல சான்று. டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்த புயல், மறுநாள் மன்னார் வளைகுடாவில் பாம்பனை நெருங்கியது. அன்றே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, ராமநாதபுரம் கரையருகே நகராமல் நின்றது. காலையில் முழு உண்மையாக இருந்த தகவல் இரவுக்குள் பழசாகிவிட்டது. பொய்ச் செய்தியைவிட இப்படிக் காலாவதியான உண்மையைக் கண்டுபிடிப்பது கடினம்.

செயலிகளில் சுழலும் வண்ண வரைபடங்கள் வேறு வகை. அவை கணினி மாதிரிகளின் கணக்கு, எச்சரிக்கை ஆகா. ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 50 முறை கணிக்கிறது. பத்து நாள் தள்ளிப் பார்த்தால் அவை காட்டும் புயல் பாதைகள் திசைக்கொன்றாகப் பிரிந்திருக்கும். அவற்றில் பயங்கரமான ஒன்றை மட்டும் படமெடுத்துப் பரப்புவது பொறுப்பற்ற செயல்.

செய்தி வந்தது அறியாத இணையதளத்தில் என்றால் அதற்குள்ளேயே வாசித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றறிஞர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகியோரை ஒப்பிட்டு 2017இல் ஆய்வு வெளியிட்டனர். அழகான முகப்புக்கும் சின்னத்துக்கும் முதல் இரு தரப்பிலும் பலர் ஏமாந்தனர். சரிபார்ப்பவர்களோ உடனே வேறு பக்கங்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தனர்.

சுனாமிச் செய்திக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி மையம் 2007 முதல் இயங்குகிறது. கடலடியில் நிலம் அதிர்ந்த பிறகுதான் அது அறிக்கை தரும். நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் எங்கும் இல்லை. ஆகவே அடுத்த வாரத் தேதி போட்டு வரும் சுனாமி எச்சரிக்கையை, அனுப்பியவர் யாராக இருந்தாலும், அங்கேயே நிறுத்திவிடலாம்.