சுப்ரபாதத்தில் எத்தனை குரல்?

விடியற்காலையில் திருப்பதித் தெருக்களில் நடந்தால், எங்கிருந்தாவது எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் காதில் விழும். 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட இசைத்தட்டு அது. டீக்கடை, பூஜையறை, கைப்பேசி என்று எங்கெங்கோ கேட்டு நமக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் அதில் பாடுவது ஒருவரல்ல, இருவர். உடன் பாடுபவர் மகள் ராதா விசுவநாதன். கைப்பேசியில் இரண்டு குரலும் ஒன்றாகக் குழைந்துவிடும். நல்ல ஸ்பீக்கரில் தாயின் குரல் முன்னே நிற்க, மகளின் குரல் அதை ஒட்டியே வருவது தெரியும்.

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் சோதனை இதுதான். இரண்டு குரல் கேட்கிறதா என்று பாருங்கள்.

சித்தூரிலும் திருப்பதியிலும் எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்ற கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் புது டி.வி. வாங்கியவர்கள். படம் வருடா வருடம் தெளிவாகிறது. பெட்டியோ மெலிந்துகொண்டே போகிறது. ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளும் கருவி, அதற்கு இடம் வேண்டும். இரண்டு விரல் தடிமனுள்ள டி.வி.யில் அந்த இடம் இல்லை. பேச்சு முணுமுணுப்பாகக் கேட்பதற்கு அதுதான் காரணம், உங்கள் காதில் கோளாறு இல்லை.

பவர்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்பது அலமாரியில் வைக்கும் அளவிலான இரட்டைப் பெட்டி. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும், தனியாக வாங்க வேண்டாம். கீழே கனமான ஒலிக்கு ஊஃபர், மேலே மெல்லிய ஒலிக்கு ட்வீட்டர். விலை குறைந்த ஜோடிகளில் ஒரு பெட்டிக்குள் மட்டும் ஆம்ப்ளிஃபையர் இருக்கும். மற்றதற்கு ஒரு வயர் போகும். அதில் குறையொன்றும் இல்லை.

இனி வாட். மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பல வருடங்களுக்கு முன் நானும் அட்டையில் ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அச்சிட்ட ஒரு செட்டை வாங்கி வந்தேன். அதன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 2 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 24 வாட். உள்ளே போவது 24 வாட் என்றால் வெளியே 5000 எப்படி வரும்? பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைக் காட்டும் எண். அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அடாப்டரில் இருப்பதைப் பெருக்கிப் பாருங்கள்.

ஆர்.எம்.எஸ். எவ்வளவு போதும்? இந்த வகைச் சின்ன ஸ்பீக்கர், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 85 டெசிபல் ஒலி தரும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல்தான். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். ஆகவே பெட்டிக்கு 20 வாட் ஆர்.எம்.எஸ். இருந்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடிக் கூடத்துக்குத் தாராளம். 20-க்கும் 30-க்கும் இடையிலான வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் நல்ல ஊஃபருக்கும் கனமான மரப்பெட்டிக்கும் போகட்டும்.

இரண்டாவது சோதனைக்குத் தம்புராவும் மிருதங்கமும் வேண்டும். இவற்றின் ஒலியை விஞ்ஞானமாக ஆராய்ந்தவர் சி.வி. ராமன். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோல் எழுப்பும் ஒலிகள் ஒன்றோடொன்று சுருதி சேராது. மிருதங்கத் தோலின் நடுவே உள்ள கரணை என்ற கறுப்புப் பூச்சு அவற்றைச் சேர வைக்கிறது என்று 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார். தந்திகளைத் தாங்கும் தம்புராவின் குதிரையையும் அவர் விடவில்லை. ஒரே தந்தியிலிருந்து அத்தனை மேல்சுரங்கள் பிறப்பது அந்தக் குதிரையால்தான்.

ஸ்பீக்கரோடு இதற்கென்ன சம்பந்தம்? ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். நான்கு அங்குல ஊஃபர் அந்த ஆழத்தில் தளர்ந்துவிடும். ஆனாலும் தம்புரா தம்புராவாகவே கேட்கிறது. மேல்சுரங்களைக் கேட்டே அடிச்சுரத்தை நம் மூளை உருவாக்கிக்கொள்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் எழும் கனத்த கும்கி ஒலிக்கு இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைப்பதில்லை, சின்னப் பெட்டியில் அது மெலிந்துவிடும். கும்கி முக்கியம் என்று நினைப்பவர்கள் ஐந்து அங்குல ஊஃபருக்குப் போகலாம். தனியாக சப்-ஊஃபர் சேர்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சினிமா வெடிச்சத்தத்துக்கு அது உதவும், கச்சேரியில் மிருதங்கத்தை மத்தளமாக்கிவிடும்.

சோதிக்கப் பாட்டுக்கும் பஞ்சமில்லை. எம்.எஸ்.ஸின் ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் வந்தது. அதில் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளை அவருக்குக் கற்றுத்தந்தவர் நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி. செப்பேடுகளில் எழுதப்பட்டுத் திருமலையில் ஓர் அறைக்குள் நூற்றாண்டுகள் அடைந்துகிடந்த பாட்டுகள் அவை. இவ்வளவு தூரம் கடந்து நம்மிடம் வந்ததை ஓட்டைப் பெட்டியில் கேட்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். இந்தப் பாட்டுகளில் வயலின் கீச்சிட்டால் ட்வீட்டர் சரியில்லை. குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலிருந்தால் பெட்டி சரியில்லை.

வீட்டுக்கு வந்தபின் பாதி வேலை கூடத்தினுடையது. நம் ஊர் வீடுகளில் டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை, வெற்றுச் சுவர். ஒலி மோதி மோதித் திரும்பும். தரையில் ஒரு ஜமக்காளம் விரித்து ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாலே பேச்சு தெளிந்துவிடும். இதற்கு ஆகும் செலவு அடுத்த விலை ஸ்பீக்கருக்குத் தாவுவதைவிடக் குறைவு. ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். பெட்டிகளுக்கு இடையே உள்ள தூரமும் உங்களுக்கும் பெட்டிக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். மூலையில் மட்டும் திணிக்க வேண்டாம், கனத்த ஒலி ஊதிப் பெருகிவிடும்.

டி.வி.யோடு ஆப்டிக்கல் வயரில் இணைத்தபின் சத்தமே வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம். டி.வி.யின் ஆடியோ செட்டிங்கில் பி.சி.எம். என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி 110 வோல்ட்டுக்கானதா என்று பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள்.

எதை வாங்குவது என்று நேராகக் கேட்டால் நேராகவே சொல்கிறேன். கூடத்து டி.வி.க்கு எடிஃபையர் ஆர்1280டிபி. நான்கு அங்குல ஊஃபர், பெட்டிக்கு 21 வாட் ஆர்.எம்.எஸ்., ஆப்டிக்கல், புளூடூத், ரிமோட் எல்லாம் உண்டு. காற்றுத் துளை முன்பக்கம் இருப்பதால் சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்கலாம். மேசையில் கணினியோடு உட்கார்ந்து கேட்பவருக்குப் பிரிசோனஸ் எரிஸ் 3.5. அதன் துளை பின்பக்கம், ஆகவே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். குரல் தெளிவில் எரிஸ் ஒரு படி மேல் என்பது என் காதின் தீர்ப்பு.

ஆனால் என் காதை நம்பி வாங்காதீர்கள். சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசியில் சுப்ரபாதத்தை ஏற்றிக்கொண்டு போய்ப் போடச் சொல்லுங்கள். போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.